கேபார் நதிக்கரைக்கு வந்தவர்

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இப்போது வேதாகமத்தின் எசேக்கியேல் புத்தகத்தை வாசிக்கிறோம். அந்தப் புத்தகத்தை எடுத்தால் பலரும் உலர்ந்த எலும்புகள் உயிர்பெறும் 37-ஆம் அதிகாரத்துக்கு ஓடிவிடுவார்கள். எனக்கோ 11-ஐத் தாண்டவே மனசு வருவதில்லை.

கி.மு. 597-இல் பாபிலோனியர் ராஜா யோயாக்கீனையும் எருசலேமின் ஜனங்களில் பலரையும் சிறைபிடித்துப் போனார்கள். ஆசாரியனான எசேக்கியேலும் அவர்களோடு போனார். ஆலயத்தில் ஊழியம் செய்ய வேண்டிய மனிதர் ஆலயமே இல்லாத பாபிலோன் தேசத்தில், கேபார் நதிக்கரையில் இருக்கிறார். எருசலேமில் மிஞ்சியவர்களோ இவர்களைப் பார்த்து, கர்த்தரை விட்டுத் தூரப் போங்கள், தேசம் எங்களுக்குத்தான் என்கிறார்கள். கோயில் தங்கள் கையில் இருக்கிற தைரியம்!

கர்த்தர் சொன்ன பதில் 11-ஆம் அதிகாரத்தின் 16-ஆம் வசனம். அவர்கள் போன தேசங்களில் நானே அவர்களுக்குக் கொஞ்ச காலம் பரிசுத்த ஸ்தலமாயிருப்பேன் என்கிறார். அதே அதிகாரத்தின் முடிவில் அவருடைய மகிமை நகரத்தை விட்டு எழும்பி, கிழக்கேயுள்ள மலைமேல் போய் நிற்கிறது. ஆலயம் எரிந்தது கி.மு. 586-இல்தான். எசேக்கியேல் இந்தத் தரிசனத்தைக் கண்டபோது சுவரெல்லாம் அப்படியே நின்றது. பலியும் நடந்தது. ஆனால் கர்த்தர் அங்கே இல்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்டார்கள். அப்புறம் நிலம் கை மாறியது, தொழிலாளர் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். லயத்துக் கோடியில் ஒரு ஜெபக்கூடம் இருந்தது. பால் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்து எங்கள் ஆட்களே கட்டியது. அதையும் இடித்தார்கள். "ஆண்டவரு இருந்த எடமே போயிருச்சு பாப்பா, இனிமே எங்க போயி அழுவறது?" என்றார் அம்மா.

இஸ்ரவேலரின் சிறையிருப்புக்கு அவர்களுடைய பாவமே காரணம் என்கிறார் எசேக்கியேல். தோட்டம் விற்கப்பட்டது எங்கள் பாவத்தால் இல்லை. அதனால் இரண்டையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன். ஆனால் வாக்கு கொடுத்தவர் ஒருவரே. மலிவு விலை வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி, சட்டி பானையைப் பிரிக்கும் முன்னே அம்மா பாயை விரித்து எங்களை உட்காரவைத்துப் பாடினார். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எசேக்கியேலைப் படித்ததே இல்லை. பாட்டுச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா வந்தார், அடுத்த வாரம் மாடியிலிருந்து இன்னும் இரண்டு குடும்பம். இன்றைய புதன்கிழமைக் கூட்டம் அதுதான்.

போன வாரம் மண்டோர் தாத்தா கேட்டார்: "அப்படின்னா கோயிலே வேணாமாம்மா?"

நல்ல கேள்வி. அந்த வசனத்திலேயே 'கொஞ்ச காலம்' என்று இருக்கிறதே. 37-இல் கர்த்தர் தம்முடைய பரிசுத்த ஸ்தலத்தை என்றென்றைக்கும் அவர்கள் நடுவில் வைப்பேன் என்கிறார். 43-இல் மகிமை கிழக்கிலிருந்து திரும்பி வருகிறது. சிறையிலிருந்து திரும்பியவர்களிடம் கி.மு. 520-இல் ஆகாய் தீர்க்கதரிசி மூலம், ஆலயத்தைக் கட்டுங்கள் என்றே கர்த்தர் சொன்னார். பழைய ஆலயத்தைப் பார்த்தவர்களுக்குப் புதியது ஒன்றுமில்லாததுபோல் தெரிந்தது. அவர்களிடம், என் ஆவி உங்கள் நடுவில் நிலைகொண்டிருக்கும், பயப்படாதேயுங்கள் என்றார்.

தாத்தாவிடம் ஆகாய் 2-ஐ வாசித்துக் காட்டினேன். பசாருக்குப் பக்கத்தில் ஒரு கடையின் மேல்மாடி வாடகைக்கு வருகிறது. சின்ன இடம்தான், கேட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.