ஃபுளோரைடு வார்னிஷ்: பாக்கெட்டில் இருப்பது எவ்வளவு, பல்லில் சேர்வது எவ்வளவு?

சொத்தை வராமல் தடுக்கப் பற்களில் பூசும் வார்னிஷ்களில் பெரும்பாலானவை 5 சதவீத சோடியம் ஃபுளோரைடு. அதாவது 22,600 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு. 1960களில் ஜெர்மனியில் உருவான டூராஃபாட் முதல் இன்றைய ஒருமுறைப் பாக்கெட்டுகள் வரை அந்த எண் அப்படியே இருக்கிறது. ஆனால் பிசினும் கரைப்பானும் உப்புத் துகளின் பருமனும் மாறினால், வெளியே வரும் அளவும் மாறிவிடும். ஆய்வகத்தில் அளக்க வேண்டியது அதைத்தான்.

முதல் தவறு பூசும்போதே நடக்கிறது. பிசினும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் சோடியம் ஃபுளோரைடு பெரும்பாலும் கரையாமல் துகளாகவே மிதக்கும். நாளானால் அடியில் படியும். நன்றாகக் கலக்காமல் எடுத்தால் ஒரே குழாயின் முதல் சொட்டும் கடைசிச் சொட்டும் வேறு வேறு மருந்துபோல் நடந்துகொள்ளும். பிளாஸ்டிக் துண்டில் பூசி உடனே எடை போடுங்கள். ஆல்கஹால் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், ஈர எடையா உலர்ந்த எடையா என்று குறிக்காத எண்ணுக்குப் பயனில்லை. கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், ஃபுளோரைடு அதில் ஒட்டும்.

10 மில்லிகிராம் வார்னிஷில் 226 மைக்ரோகிராம் ஃபுளோரைடு உண்டு. பூசிய துண்டை 25 மில்லி செயற்கை உமிழ்நீரில் வைத்தால், ஃபுளோரைடு முழுவதும் இறங்கினாலும் 9 பிபிஎம்தான். அதைத் தாண்டி எண் வந்தால் எடையிலோ அளவீட்டிலோ பிழை. இன்னொரு சிக்கலும் உண்டு. உமிழ்நீரில் 1 மில்லிமோலார் கால்சியம் இருந்தால், ஏறக்குறைய 4 பிபிஎம்முக்கு மேல் கால்சியம் ஃபுளோரைடு வீழ்படிவாகத் தொடங்கலாம். வெளியேறியது பாத்திரத்தின் அடியில் கிடக்க, வார்னிஷ் சரியில்லை என்று எழுதிவிடுவோம். ஆகவே கரைசலை அடிக்கடி மாற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

அளக்க ஃபுளோரைடு எலக்ட்ரோடு, அதாவது கரைசலில் உள்ள ஃபுளோரைடுக்கு ஏற்ப மின்னழுத்தம் காட்டும் முனை. மாதிரியும் டிஸாப் (பிஹெச்சையும் அயனிச் செறிவையும் நிலையாக வைக்கும்) கரைசலும் சம அளவு. பிஹெச் 5 முதல் 5.5க்குள் நிற்க வேண்டும்: அதற்குக் கீழே ஃபுளோரைடு ஹைட்ரஜனோடு சேர்ந்து மறையும், மிக மேலே போனால் ஹைட்ராக்சைடையும் எலக்ட்ரோடு ஃபுளோரைடு என்றே எண்ணும். 25 டிகிரியில் ஃபுளோரைடு செறிவு பத்து மடங்கு மாறினால் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட்டுக்கு அருகில் மாற வேண்டும். 1 மில்லிவோல்ட் பிசகினால் விடையில் 4 சதவீதம் போய்விடும். காந்தக் கலக்கி சூடாகும், அதனால் பீக்கருக்கு அடியில் தெர்மாகோல் துண்டு ஒன்று வையுங்கள்.

எனாமலில் சேர்ந்ததை அறிய, வார்னிஷை அசிட்டோனும் பிளேடும் கொண்டு எடுத்துவிட்டு, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் 24 மணி நேரம் வைப்பார்கள்; எனாமல் மேல் படிந்த கால்சியம் ஃபுளோரைடு போன்ற படலம் அதில் கரைந்து வரும். அழுத்திச் சுரண்டினால் நாம் தேடும் படலமே போய்விடும். பிசின் மிஞ்சினால் எண் பொய்யாக உயரும். அளப்பதற்கு முன் அமிலம் சேர்த்து நடுநிலையாக்க மறந்தால், மேலே சொன்ன ஹைட்ராக்சைடு பிரச்சினை முழு வேகத்தில் வரும்.

சொத்தையைத் தடுக்கிறதா என்று பார்க்க பிஹெச் சுழற்சி என்ற சோதனை. பிஹெச் 4.4 அளவுள்ள அமிலக் கரைசலில் சில மணி நேரம், பிறகு கால்சியமும் பாஸ்பேட்டும் உள்ள நடுநிலைக் கரைசலில் மீதி நேரம் எனப் பல நாள்கள் மாற்றி மாற்றி வைத்து, முன்னும் பின்னும் நுண்கடினம் (சிறு ஊசியால் அழுத்திப் பார்க்கும் கடினத்தன்மை) அளக்கிறோம். இங்கே பலர் ஒப்பீட்டுக்கு ஒன்றும் பூசாத பல்லை வைக்கிறார்கள். அது போதாது. ஃபுளோரைடே இல்லாத பிசின் படலமும் அமிலத்தைத் தடுக்கும். அதே பிசினில் ஃபுளோரைடு சேர்க்காத வார்னிஷ் பூசிய குழு கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கிடைத்த பலன் மருந்தாலா, வெறும் மூடியாலா என்று பிரிக்கவே முடியாது.

மாட்டுப் பல் எளிதில் கிடைக்கும், பரப்பும் பெரிது. ஆனால் அதன் எனாமல் மனித எனாமலைவிட நுண்துளை மிகுந்தது, அமிலத்தில் வேகமாகக் கரையும். இரண்டின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.