வளைவில் பெட்டி ஏன் தயங்குகிறது?

கட்டுப்பாட்டு அறையின் திரையில் நகரும் சின்னச் செவ்வகத்தை வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களோடு நான் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். பெங்களூருவில் எங்கள் குழு எழுதும் மென்பொருள், தொழிற்சாலைக் கன்வேயரில் எந்தப் பெட்டி எங்கே போகிறது என்பதைக் காட்டுவது. செவ்வகம் ஊர்ந்தால் பெல்ட் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். நின்றால், பெல்ட் நின்றுவிட்டது என்று பொருள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அதை நம்பித்தான் ஆளை அனுப்புகிறார்.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒரு பழைய மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தபோது, முதல் வேலையாக ஆபரேட்டர்களிடம் போய் உட்கார்ந்தேன். ஒருவர் தருமபுரிக்காரர். நான் தமிழ் பேசுகிறேன் என்று தெரிந்ததும் மனம்விட்டுப் பேசினார். “மேடம், அந்த வளைவுக்குள் நுழையும்போது பெட்டி தயங்குகிறது, நடுவில் ஓடுகிறது, வெளியே வரும்போது மறுபடியும் தயங்குகிறது. ஆள் அனுப்பிப் பார்த்தால் பெல்ட் ஒரே சீராக ஓடுகிறது. இப்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்” என்றார். அவர் கடைசியாகச் சொன்னதுதான் என்னைக் கலங்கவைத்தது. அங்கே உண்மையாகவே ஒரு பெட்டி சிக்கிக்கொண்டாலும் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. திரையில் வரையும் வளைவுகள் பெரும்பாலும் மூன்றாம் படி பெசியே வளைவுகள். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி, இடையில் கோட்டைத் தம் பக்கம் இழுக்கும் இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகள். ‘டி’ என்ற அளவுரு பூஜ்யத்திலிருந்து ஒன்றுவரை போகும்போது, புள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது. ஆனால் ‘டி’ கால்பங்கு ஆகும்போது கடந்த தூரமும் கால்பங்கு ஆகவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ‘டி’யைக் கொண்டு அளந்தால், கிளம்பும்போது புள்ளியின் வேகம், தொடக்கப் புள்ளிக்கும் முதல் கட்டுப்பாட்டுப் புள்ளிக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு. அந்தத் தூரம் மிகவும் குறைவாக அமைந்துவிட்டால் பெட்டி ஊர்ந்து கிளம்பும், நடுவில் பாயும். தருமபுரிக்காரர் பார்த்தது அச்சு அசலாக இதைத்தான். 1959இல் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் த காஸ்தல்ஜோவும், 1960களில் ரெனோவில் பியர் பெசியேயும் இந்த முறையில் இறங்கியது கார் உடலின் வடிவத்தை வரையறுப்பதற்காக. கோட்டின் வடிவம் அவர்களுக்கு முக்கியம். அதன்மேல் ஒரு பெட்டி என்ன வேகத்தில் ஓடும் என்பது நம்முடைய கவலை.

அந்த மென்பொருள், திரைகளை உருவாக்க உதவும் ஆயத்த நிரல் தொகுப்பான க்யூட் நூலகத்தில் எழுதப்பட்டது. பாதையின் இத்தனையாவது விழுக்காட்டில் புள்ளி எங்கே என்று கேட்க அதில் ‘பாயிண்ட் அட் பெர்சென்ட்’ என்ற செயல்பாடு இருக்கிறது. விழுக்காடு என்றால் தூரத்தின் விழுக்காடு என்றுதான் யாருக்கும் தோன்றும். வளைவுகளில் அது ‘டி’யைத்தான் எடுத்துக்கொள்கிறது, க்யூட் ஆவணத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஓடிய தூரத்தை முதலில் ‘பெர்சென்ட் அட் லெங்த்’ என்ற இன்னொரு செயல்பாட்டிடம் கொடுத்து, அது தரும் எண்ணை ‘பாயிண்ட் அட் பெர்சென்ட்’டுக்குக் கொடுத்தால் பெட்டி சீராக ஓடும். ஆனால் திரை முழுக்கப் பெட்டிகள் இருக்கும்போது ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது திரைப்படம் புதிதாக வரையப்படும் ஒவ்வொரு முறையும், இதைத் திரும்பத் திரும்பச் செய்வது வீண் வேலை. மூன்றாம் படி வளைவின் நீளத்துக்குப் பொதுவான எளிய சூத்திரமும் கிடையாது. ஆகவே பாதையை ஒரே ஒருமுறை குட்டிக்குட்டி நேர்கோடுகளாக நறுக்கி, தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு துண்டின் முடிவுவரை உள்ள நீளத்தை அட்டவணையாக வைத்துக்கொண்டோம். வேண்டிய தூரம் எந்தத் துண்டில் விழுகிறது என்று இரும முறையில், அதாவது அட்டவணையைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே, தேடினால் போதும்.

நேரத்தையும் இப்படித்தான் கவனிக்க வேண்டும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. டைமர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பெட்டியை இரண்டு பிக்சல் தள்ளு என்று எழுதினால், கணினி வேறு வேலையில் மூழ்கும்போதெல்லாம் பெட்டி பின்தங்கும். கடந்த நேரத்தை வேகத்தால் பெருக்கி இடத்தைக் கண்டுபிடித்தால், சட்டகம் ஒன்று தவறினாலும் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்.

பெட்டியின் முகம் தொடுகோட்டின் திசையில் திரும்பவேண்டும். பாதையின் கோணத்தை க்யூட் இடஞ்சுழியாக அளக்கிறது. உருவைத் திருப்பும் செயல்பாடோ வலஞ்சுழியாகத் திருப்புகிறது. குறியை மாற்றாவிட்டால், கிடைக்கோட்டில் ஒழுங்காகப் போகும் பெட்டி வளைவு வந்ததும் எதிர்ப்பக்கம் சாய்ந்துகொள்ளும். என் குழுவில் புதிதாகச் சேர்ந்த விருதுநகர்ப் பெண், நிரலைத் திறக்காமல் தாளில் வரைந்தே இதைப் பிடித்தாள். கல்லூரியில் ஜாவா எஃப்எக்ஸ் என்ற இன்னொரு திரை நூலகத்தைப் பழகியவள். “அங்கே பாதை அனிமேஷன் நீளத்தைப் பார்த்துத்தான் ஓடும் அக்கா. ஆனால் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் தானாகவே மெதுவாகும்” என்றாள். மெனு திறப்பதற்கு அந்த மென்மை அழகு. கன்வேயர் திரையில் அது பொய்த் தகவல். சீரான வேகம் வேண்டும் என்று அங்கே வெளிப்படையாகக் கேட்டு வாங்கவேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் திரையில் தெரிவதில் பாதி ஊகம்தான். பெட்டி கடந்துபோவதை உணர்ந்து சொல்லும் சென்சார்கள் இருப்பது சில இடங்களில் மட்டும். இரண்டு சென்சார்களுக்கு நடுவே பெட்டியை நகர்த்துவது நம் கணக்கு. அடுத்த சென்சார் பெட்டியைப் பார்க்கவே இல்லை என்றால்? பழைய நிரலில் பெட்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இப்போது சென்சாருக்கு முன்னால் நின்றுவிடும். அவகாசம் கடந்தால் நிறம் மாறும். சென்சார் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால், பெட்டியை அந்த இடத்துக்கு ஒரேயடியாகத் தூக்கி வைக்கிறோம். கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு எட்டிப்பிடிக்க வைத்தால் கண்ணுக்கு இதமாக இருக்குமே என்று திரையை வடிவமைப்பவர் கேட்டார். மறுத்துவிட்டேன். தரையில் எந்தப் பெட்டியும் அப்படி ஓடவில்லை. அது குதித்தால், நாம் கொடுத்திருக்கும் பெல்ட் வேகமும் உண்மையான வேகமும் ஒத்துப்போகவில்லை என்று ஆபரேட்டருக்குத் தெரியும். அவரே எங்களைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்கிறார்.