குரூப் 4 முடிவு: என் கணக்கு நோட்டும் ரூம் அக்காவும்

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தேறிவிட்டேன். எப்படிப் படித்தாய் என்று கேட்பவர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான்: ரூமில் கூட இருப்பவரிடம் எதைக் கொடுப்பீர்கள், எதைக் கொடுக்கமாட்டீர்கள் என்று முதல் வாரமே சொல்லிவிடுங்கள். பாடத்திட்டம், பழைய வினாத்தாள் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

எனக்குக் கோபிப் பக்கம். 2023-ல் கோவை காந்திபுரத்தில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்தேன். கூட இருந்தவர் பொள்ளாச்சிக்கார அக்கா, நான்கு வயது மூத்தவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மெஸ்ஸில் சொல்லி ரசம் சாதம் வாங்கி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். ஆனால் என் பக்கெட், சார்ஜர், குடை, துண்டு எதையும் கேட்காமல் எடுப்பார். "எடுத்துக்கிட்டேன் கண்ணு" என்று அப்புறம்தான் சொல்வார். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு எப்படி மறுப்பது? வாயைத் திறக்கவே இல்லை.

பக்கெட் போனால் பரவாயில்லை. போனது கணக்கு நோட்டு. நான் தமிழ் இலக்கியம் படித்தவள். எனக்குப் பயமெல்லாம் குரூப் 4-ல் வரும் அந்த 25 கணக்குக் கேள்விதான். மாதிரித் தேர்வில் தப்பாகப் போட்ட ஒவ்வொரு கணக்கையும், எந்த வரியில் சறுக்கினேன் என்று சிவப்பு மையில் குறித்து எட்டு மாதம் எழுதிய நோட்டு. 2024 மே கடைசியில் அக்கா அதைத் தன் தோழிக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்துவிட்டார். தேர்வு ஜூன் 9. நோட்டு திரும்பி வந்தது ஜூன் 11. கூட்டுவட்டியிலும் வேலை, நேரக் கணக்கிலும் வழக்கமாக விடும் தப்பையே விட்டேன். 25-க்கு 14.

அந்த வாரமே அக்காவை உட்காரவைத்துச் சொன்னேன். "பக்கெட், குடை, சார்ஜர் எது வேணும்னாலும் கேட்டுட்டு எடுத்துக்கோங்க்கா. நோட்டையும் பேனாவையும் மட்டும் கேட்டாலும் தரமாட்டேனுங்க. கோவிச்சுக்காதீங்க." முகம் சுண்டிவிட்டது. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "கண்ணு, குடை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நான் கடைப்பிடித்தவை:

- எதைத் தருவீர்கள், எதைத் தரமாட்டீர்கள் என்று பொருளைப் பேர் சொல்லிப் பிரித்துச் சொல்லுங்கள். "என் சாமானைத் தொடாதீங்க" என்று பொதுவாகச் சொன்னால் சண்டைதான் வரும்.
- பழைய விஷயத்தைக் கிளறாதீர்கள். அந்த ஜெராக்ஸ் பேச்சை நான் எடுக்கவே இல்லை.
- தேர்வுக்கு முந்தின மாதம் இரவல் கொடுப்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை.
- கருப்பு பால்பாயிண்ட் பேனா நான்கு, நோட்டோடு பெட்டியில் வைத்துப் பூட்டு.

சத்தமாகப் பேசித் தீர்க்கிறவர்களுக்கு வேறு வழி இருக்கலாம். எனக்கு மெதுவாகத்தான் பேச வரும்.

2025 ஜூலை 12 தேர்வில் 25-க்கு 23. ஒன்பது கேள்வி கூட, கேள்விக்கு ஒன்றரை, ஆக 13.5 மதிப்பெண். அதற்குள் எத்தனை ஆயிரம் பேர் நிற்பார்கள் என்று குரூப் 4 எழுதியவர்களுக்குத் தெரியும்.

அக்காவுக்கு இந்த முறையும் வரவில்லை. போன ஞாயிறு நோட்டை நானே பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஜெராக்ஸ் போட்டுட்டுக் குடுத்தர்றேன் கண்ணு" என்றார். வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.