விடியற்காலம் மூன்று மணி வலி: மார்கழிக் குறிப்பேடு

டிசம்பர் 17, மார்கழி 2

படுக்கும்போது ஒன்றும் இல்லை. விடியற்காலம் மூன்று மணி வாக்கில் முதுகும் விலாவும் சேர்ந்து பிடித்து எழுப்பிவிடுகிறது. பகலில் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆள் நன்றாகத்தானே நடமாடுகிறார்! காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இதற்கு நாலு பதில் தயாராக இருக்கும்: வாய்வு, சூடு, சுளுக்கு, கிட்னி. “வாய்வுதான்டா, பூண்டு ரசம் வச்சுத் தர்றேன், குடிச்சுட்டுப் படு” என்று ஆச்சி சொல்லிவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது.

காரணம் தெரியாத வலி என்று பெயர் வைக்குமுன் தலைமாட்டில் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் வையுங்கள். பதினான்கு இரவு எழுதினால் போதும். எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, அப்போது எந்தப் பக்கமாகப் படுத்திருந்தீர்கள், வலி ஒரு விரலால் தொட்டுக் காட்டுகிற இடமா இல்லை உள்ளங்கையால் தடவிக் காட்டுகிற இடமா, என்ன செய்ததும் எத்தனை நிமிடத்தில் குறைந்தது. இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். புரண்டு படுத்ததும் அடங்குகிற வலி ஒரு ரகம். எழுந்து நடந்தால்தான் அடங்குவது இன்னொரு ரகம். எப்படிப் படுத்தாலும் எழுந்தாலும் அசையாதது மூன்றாவது ரகம். மூன்றுக்கும் போகவேண்டிய வழி வேறு வேறு.

செல்போனில் குறிக்க வேண்டாம். வெளிச்சம் பட்டால் இருக்கிற தூக்கமும் போய்விடும். பிறகு வலியால் முழித்தோமா, போனால் முழித்தோமா என்று கணக்குக் குழம்பும்.

டிசம்பர் 19

முதல் ரகம். புரண்டால் போகிற வலிக்குப் பெரும்பாலும் படுக்கைதான் காரணம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தளம் கோடைக்கு நல்லது. சித்திரையில் வெறும் கோரைப்பாயோடு அதில் படுப்பது சுகம். மார்கழியில் அதே இடத்தில் படுத்தால் குளிருக்கு உடம்பு சுருண்டுகொண்டு, மணிக்கணக்காகப் புரளாமல் ஒரே பக்கம் கிடக்கும். ஒருக்களித்துப் படுக்கும்போது தரையில் படுவது தோளும் இடுப்பெலும்பும் மட்டுமே. நடுவில் இடுப்புச் சதை தாங்கலே இல்லாமல் கீழ்நோக்கித் தொய்யும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள தசை இரவெல்லாம் இழுபடும். மேல்கால் முன்னால் சரிந்து விழுந்தால் அடிமுதுகும் திருகிக்கொள்ளும். விலாவில் வலி என்று ஆட்கள் காட்டுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

சரிசெய்யக் காசு வேண்டாம். ஒரு குளியல் துண்டை நீளவாக்கில் நாலாக மடித்து, இடுப்பைச் சுற்றிக் கச்சை மாதிரி கட்டிக்கொள்ளுங்கள். சும்மா அடியில் வைத்தால் அது ஒரு மணி நேரத்தில் நழுவிவிடும். படுத்த பிறகு வீட்டில் யாரையாவது இடுப்புக்கும் பாய்க்கும் நடுவே கையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கை தாராளமாகப் போனால் இன்னொரு மடிப்பு வேண்டும். இடுப்பெலும்பு தரையை விட்டுத் தூக்கினால் ஒரு மடிப்பைப் பிரிக்க வேண்டும். கால்களுக்கு நடுவே வைக்கும் தலையணை முட்டியிலிருந்து கணுக்கால் வரை நீள வேண்டும். முட்டிக்கு மட்டும் வைத்தால் பாதம் தொங்கித் தொடையைத் திருகும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். மல்லாந்து படுப்பவர்கள் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்தால் போதும். தலையணை தோளுக்கு அடியில் வரக் கூடாது, கழுத்துக்கும் தலைக்கும் மட்டும்.

முதுகுவலிக்குக் கல்லு மாதிரி கெட்டிப் படுக்கைதான் நல்லது என்பது பழைய நம்பிக்கை. 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்றில், நாட்பட்ட இடுப்புவலியுள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். 90 நாளில் நடுத்தர மெத்தைக்காரர்களே அதிகம் தேறினார்கள். ஆகவே தரையை விட முடியாதவர்கள் பாய், அதன்மேல் ஜமக்காளம், அதன்மேல் இரண்டங்குலப் பஞ்சு மெத்தை என்று போடுங்கள். இலவம்பஞ்சு கட்டிதட்டிப் போயிருந்தால் வெயிலில் காயவைத்தால் மட்டும் போதாது, பிரித்து அடித்துத் தைக்க வேண்டும்.

டிசம்பர் 20

கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டில் பற்றி ஒரு வரி. படுத்திருக்கும்போது பக்கத்துச் சட்டங்களுக்குக் குறுக்கே ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். உடம்பு கயிற்றுக்குக் கீழே ஆழமாக இறங்கியிருந்தால் நாடாவை முறுக்கிக் கட்டும் நேரம் வந்துவிட்டது.

டிசம்பர் 22

பிள்ளையார் நோன்பு நெருங்குகிறது. வளவு (வீட்டின் உள்முற்றம்) கழுவுவது, பித்தளைச் சாமான் இறக்குவது என்று ஏகப்பட்ட குனிகிற வேலை. மார்கழிக் கோலம் வேறு.

முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள டிஸ்க் இரவு படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பும். காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக எழுவது இதனால்தான். எழுந்து நடமாடும்போது அந்த நீர் வெளியேறும், பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் குனிந்தால் உப்பிய டிஸ்க்கின்மேல் அழுத்தம் பகலில் குனிவதைவிட வெகு அதிகம். இரவு வலி என்று நோட்டில் ஏறுவதில் ஒரு பங்கு, முந்தின நாள் விடியலில் முழங்காலை மடக்காமல் அரைமணி நேரம் கோலம் போட்டதன் மிச்சமாக இருக்கலாம்.

கோலத்தை விடச் சொல்லவில்லை. நாலரைக்கு எழுந்து, வெந்நீர் வைத்து, முற்றத்தைச் சுற்றி நடந்து, ஐந்தரைக்கு வாசலுக்குப் போங்கள். ஒரு காலை முன்னே வைத்து, முழங்காலை மடக்கி, இடது கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு போடுங்கள். ஐந்து வரிசைப் புள்ளிக்கு ஒருமுறை நிமிர்ந்து கையை இடுப்பில் வைத்துப் பின்னால் லேசாக வளையுங்கள். தண்ணீர்க் குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைப்பவர்களுக்கு ஒரு பக்க வலி வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேரே நிமிராதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, இரு கைகளையும் ஊன்றி எழுந்து உட்காருங்கள். கட்டில் என்றால் முதலில் கால்களைத் தொங்கவிட வேண்டும்.

டிசம்பர் 25

இரண்டாவது ரகம்தான் ஆண்டுக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமல் போவது. ஐந்து அடையாளம்: நாற்பது வயதுக்குள் ஆரம்பித்தது, இன்ன நாள் என்று சொல்ல முடியாமல் மெல்ல வந்தது, உடற்பயிற்சியில் குறைவது, ஓய்வில் குறையாதது, இரவில் எழுப்பி எழுந்ததும் விடுவது. மூன்று மாதத்துக்கு மேல் வலி இருந்து இதில் நாலு பொருந்தினால் அழற்சி முதுகுவலியாக இருக்க வாய்ப்புண்டு. காலையில் அரைமணிக்கு மேல் முதுகு இறுகிக் கிடப்பதும், வலி ஒருநாள் வலது பிட்டத்தில், மறுநாள் இடது பிட்டத்தில் என்று மாறுவதும் சந்தேகத்தைக் கூட்டும்.

இவர்களுக்கு “ஒரு வாரம் படுத்து ஓய்வெடு” என்பது நேர் எதிரான அறிவுரை. பார்க்க வேண்டியது மூட்டுவாத மருத்துவரை. அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரத்தச் சோதனைகள் சரியாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. எச்எல்ஏ பி27 இரத்தச் சோதனையும் இடுப்புப் பின்மூட்டுக்கான எம்ஆர்ஐயும் கேட்பார்கள். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது.

டிசம்பர் 28

மூன்றாவது ரகம், உள்ளுறுப்பு வலி.

ஸ்கேனில் சிறுநீரகத்துக்குள் 4 மில்லிமீட்டர் கல் என்று வந்ததும் எல்லாப் பழியும் அதன்மேல் விழுந்துவிடும். சிறுநீரகத்துக்குள் அசையாமல் கிடக்கும் சிறு கல் பெரும்பாலும் வலிக்காது. சிறுநீர்க் குழாயில் இறங்கி அடைக்கும்போதுதான் வலி. அது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து அடிவயிற்றுக்கு அலை அலையாக இறங்கும், ஆளை ஒரு நிலையில் இருக்கவிடாது. புரண்டு படுத்ததும் போகிற வலிக்கு அந்தக் கல் பொறுப்பல்ல.

கல் வருகிறவர்கள் போர்வெல் தண்ணீரைத் திட்டுவதைவிடக் குடிக்கும் அளவைப் பார்ப்பது நல்லது. ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குக் குடிக்க வேண்டும். மார்கழியில் தாகமே எடுக்காது என்பதால் செம்பை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்த வேண்டும். குளிர்காய்ச்சலும் சிறுநீர் எரிச்சலும் சேர்ந்த விலாவலி கிருமித்தொற்று. அதற்கு அன்றே மருத்துவமனை.

எண்ணெயும் கறியுமாக விருந்துச் சாப்பாடு சாப்பிட்ட இரவில் மட்டும் வலது விலாவுக்குக் கீழே வந்து வலது தோள்பட்டைப் பின்புறம் தெறித்தால் பித்தப்பைக் கல்லா என்று பார்க்கவேண்டும். ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போங்கள்.

டிசம்பர் 29

ஒத்தடம்: வறுத்த கல்லுப்பைத் துணியில் முடிந்து, முதலில் உங்கள் முன்கையில் வைத்துச் சூடு பார்த்து, 15 நிமிடம். தைலம் தேய்த்த இடத்தில் கூடாது, தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் மரத்துப்போன தோலில் வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் உறையில் போட்டுத் தருகிற பெயரில்லா மூன்று மாத்திரையும் அப்படித்தான். அதில் டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து இருந்து நீங்கள் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும், வலியின் நேரக்கணக்கும் மறைந்துபோகும்.

ஜனவரி 1

ஒரு பக்க விலாவில் மட்டும் பட்டையாக எரிகிறது, சட்டை உரசினாலே தாங்கவில்லை, தோலில் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள், அதே பட்டையில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. வேளார் (மண்பாண்டம் செய்பவர்) வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வது இங்கே வழக்கம். காவியைவிடத் தாமதம்தான் கெடுதல். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் பலன் நன்றாக இருக்கும்.

ஜனவரி 4

நோட்டு நிறையும்வரை காத்திருக்கக் கூடாதவை: கால் வலுவிழப்பது, மர்ம இடம் மரத்துப்போவது, சிறுநீர் நிற்பது அல்லது தெரியாமல் போவது. மார்பில் இறுக்கத்தோடு வியர்த்துக் கொட்டினால் உடனே 108. சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் கூட வந்தால் முதுகெலும்புக் காசநோயைத் தேட வேண்டும். இருமல் இல்லாமலும் அது வரும், மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். முன்பு புற்றுநோய் வந்தவர்களும் தள்ளிப்போடக் கூடாது.

இவை எதுவும் இல்லாமல் எம்ஆர்ஐக்கு ஓடவேண்டாம். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்டார்கள். டிஸ்க் தேய்மானம் 20 வயதில் 37 விழுக்காடு, 80 வயதில் 96 விழுக்காடு. “தேய்மானம்” என்று அறிக்கையில் வந்துவிட்டால் மனசு அதிலேயே நிற்கும், படுக்கையைத் திருத்துவதை மறந்துவிடும்.

மருத்துவரிடம் போகும்போது நோட்டைக் கொண்டுபோங்கள், ஆனால் அவர் புரட்டிப் பார்ப்பார் என்று நம்பாதீர்கள். முதல் பக்கத்தில் இப்படிச் சுருக்கி எழுதிவிடுங்கள்: 14 இரவில் 9 இரவு. மூன்றிலிருந்து நாலரைக்குள். இடது இடுப்புக்கு மேல், ஒரு விரல் இடம். துண்டு கட்டிய பிறகு 5 இரவில் 1.