மாடிக் கள்ளிகளுக்கு எப்போது உரம்?

கள்ளி வளர்ப்புக் குறிப்புகளில் பெரும்பாலானவை பனிக்காலத்தில் உரத்தை நிறுத்தச் சொல்கின்றன. உறைபனியே காணாத பாளையங்கோட்டை மொட்டைமாடிக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. என் பார்வையில் இங்கே உரத்தை நிறுத்தவேண்டியது கத்திரி வெயிலிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும்தான். ஈரம் காயாத வேருக்கு உரமிடுவது அழுகலை வரவழைக்கும் என்பதால், அடைமழையில் உரமிடாமல் தொட்டிகளைக் கூரைக்குள் நகர்த்தினாலே போதும்.

தைப்பொங்கல் கழிந்து மண் காயத் தொடங்கியதும் உரக்காலம் பிறக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் தண்டு பெருத்து மென்மையாகிப் பூ குறையும். ஆகவே யூரியாவைத் தொடாமல், உரக்கடையில் கிடைக்கும், தழைச்சத்தே இல்லாமல் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மட்டும் கொண்ட 0:52:34 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்து, முதலில் வெறும் நீரால் மண்ணை நனைத்த பின்பு, பங்குனி வரை மாதம் ஒருமுறை ஊற்றுகிறேன். தொட்டி மாற்றும்போது கலக்கும் மண்புழு உரத்திலிருந்தே தேவையான தழைச்சத்து கிடைத்துவிடும். வெயில் தணிந்த ஆடி, ஆவணியில் ஓரிரு முறை, அவ்வளவே.

பிரம்ம கமலம் என்று நம் வீடுகளில் வளர்க்கும் நிஷாகந்தியும் கள்ளிதான். ஆனால் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களின்மீது வளரும் இனம் என்பதால், அதற்கு மக்கிய இலை உரமும் அரைநிழலும் சற்றுக் கூடுதல் ஊட்டமும் வேண்டும். அதைப் பாலைவனக் கள்ளிபோலப் பட்டினி போட்டுவிட்டு, பூக்கவில்லையே என்று அலுத்துக்கொள்பவர்களே அதிகம்.