ஏறாத முள்

மூன்று வாரங்களாக என் காரின் வெப்பநிலை முள் பாதிக்குக் கீழேயே நின்றது. நெரிசலில் மெல்ல ஏறும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் மறுபடி இறங்கிவிடும். "இன்ஜின் சூடாகாமல் இருப்பது நல்லதுதானே" என்றார்கள் நண்பர்கள். நல்லதே இல்லை. இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிக் கணினி எரிபொருளைக் கூடுதலாகப் பீய்ச்சுகிறது. அதில் ஒரு பங்கு ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது, தேய்மானம் கூடுகிறது.

சென்சார் பொய் சொல்கிறதா என்று முதலில் பார்த்தேன். இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைப் பொருத்தினால், கூலன்ட்டின் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை வெளிக்காற்றோடு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனது. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, மின்விசிறிக்கு எட்டாமல், ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டேன். இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது சரியாக இருந்தால், கூலன்ட் 80, 90 டிகிரியை நெருங்கும்வரை அந்தக் குழாய் சில்லென்றே இருக்கும். அப்புறம் சட்டென்று சுடும். என்னுடையதோ இரண்டாவது நிமிடத்திலேயே வெதுவெதுப்பாகிவிட்டது!

முழுதும் ஆறிய பிறகே தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன் (சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது). வெளிச்சத்தில் பிடித்தால், மூடியிருக்க வேண்டிய வால்வின் ஓரத்தில் நகக்கண் அளவு வெளிச்சக் கீற்று. உள்ளேயுள்ள மெழுகு சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும். ஆறியதும் ஸ்பிரிங் மூட வேண்டும். அந்த ஸ்பிரிங் துருவேறி ஒடிந்திருந்தது.

கேஸ்கெட்டோடு புதியது பொருத்திவிட்டேன். இன்று நெடுஞ்சாலையிலும் முள் நடுவில் அசையாமல் நின்றது. அவ்வளவு நிம்மதி.