புறா பொறித்த மஞ்சள் சட்டை

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் மேரானே என்றொரு சிறு நகரம் இருக்கிறது. அந்நகரில், வீடுகள் நெருங்கி நிற்கும் கல் பாவிய தெரு ஒன்று ஏறத்தாழ 340 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவு போல மேலேறுகிறது; ஊர்க்காரர்கள் அதைச் 'செங்குத்துச் சுவர்' என்கிறார்கள். சென்ற கோடையில் என் மிதிவண்டியில் அதன்மேல் ஏறிப் பார்த்தேன். உட்கார்ந்து மிதித்தால் முன்சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளுகிறது. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் பிடி இழந்து வழுக்குகிறது. மூச்சிரைக்க உச்சியில் நின்றபோது, இதே தெருவில் வார்சாவிலிருந்தும் பிராகாவிலிருந்தும் வந்த வீரர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிய கால்களோடு ஏறினார்கள் என்பதை நினைத்து மலைத்துப்போனேன். அவர்கள் ஓட்டியது அமைதிப் பந்தயம் என்ற பல நாள் மிதிவண்டிப் பந்தயம். மேற்கு ஐரோப்பாவுக்கு டூர் டி பிரான்ஸ் எப்படியோ, கிழக்கு ஐரோப்பாவுக்கு அது அப்படி.

அதைத் தொடங்கியவை கம்யூனிஸ்ட் கட்சிகளின் இரண்டு நாளிதழ்கள்: செக்கோஸ்லோவாக்கியாவின் 'ரூதே பிராவோ', போலந்தின் 'குவோஸ் லூது'. எல்லைத் தகராறால் கசந்திருந்த இரு அண்டை நாடுகளையும் ஒரு சாலையால் இணைக்கும் நோக்கத்தோடு, 1948 மே மாதம் வார்சாவிலிருந்து பிராகாவுக்கும் பிராகாவிலிருந்து வார்சாவுக்குமாக ஒரே காலத்தில் இரண்டு பந்தயங்கள் நடத்தப்பட்டன. இரண்டிலும் வென்றவர்கள் யூகோஸ்லாவியர்கள்: ஆகஸ்ட் புரோசெனிக், அலெக்சாண்டர் சோரிச். பின்னர் பிக்காசோவின் வெண்புறா பந்தயத்தின் சின்னமாயிற்று. முன்னணி வீரரின் மஞ்சள் சட்டையில் அது பொறிக்கப்பட்டது. அணிப் பிரிவில் முந்தும் நாட்டின் வீரர்கள் அனைவரும் நீலச் சட்டை அணிந்தார்கள். நாடுகளின் அணிகளாகவே ஓட்டிய அப்பந்தயத்தில் நீலச் சட்டைக்கும் மஞ்சளுக்கு இணையான மதிப்பு இருந்தது.

1952-இல் கிழக்கு ஜெர்மனியின் 'நோயஸ் டாய்ச்லாந்து' நாளிதழும் சேர்ந்துகொள்ள, பெர்லின் பந்தயப் பாதையின் மூன்றாவது தலைநகரமாயிற்று. இரண்டாம் உலகப் போர் முடிந்து அப்போது 7 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஜெர்மானியப் படை 1944-இல் இடித்துத் தரைமட்டமாக்கிய வார்சாவின் தெருக்களில் ஜெர்மானிய இளைஞர்கள் மிதிவண்டியில் போவதை, வீட்டையும் உறவையும் இழந்த மக்கள் சாலையோரம் நின்று பார்த்தார்கள். கட்சிகளின் பரப்புரைக் கருவி என்ற ஒரு சொல்லில் இப்பந்தயத்தை முடித்துவிடுவோரிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தக் காட்சியைத்தான். பரப்புரை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாலையோரத்தில் நடந்தது அதைவிடப் பெரிது. அதே 1952-இல் வென்றவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயான் ஸ்டீல் என்பதும், பிரிட்டிஷ் அணியே அணிப் பிரிவிலும் வென்றது என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

1955-இல் மஞ்சள் சட்டையோடு பந்தயத்தை முடித்த குஸ்டாவ் அடோல்ஃப் ஷூர், அதை வென்ற முதல் கிழக்கு ஜெர்மானியர். 'டேவே' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அவர் 1959-இல் மீண்டும் வென்றார். இடையே 1958, 1959 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெச்சூர், அதாவது தொழில்முறை சாராத வீரர்களுக்கான, உலகப் பட்டத்தையும் கைப்பற்றினார். 1960-இல் சொந்த மண்ணில் நடந்த உலகப் போட்டியில் மூன்றாம் முறையும் வெல்லும் வாய்ப்பிருக்க, பெல்ஜிய வீரர் தன்னையே கண்காணிப்பதை அறிந்து, தன் அணித் தோழர் பெர்ன்ஹார்ட் எக்ஸ்டைனை முன்னே போகவிட்டு இரண்டாமிடத்தில் வந்தார். வென்ற பட்டங்களைவிட, விட்டுக்கொடுத்த இந்த ஒரு பட்டத்துக்காகவே அவரைப் போற்றுகிறவர்கள் அதிகம்.

போலந்துக்காரர்களிடம் வேறொரு கதை உண்டு. 1956-இல் வென்ற ஸ்தானிஸ்வாவ் குருலக், வார்சா விளையாட்டரங்கின் நுழைவழியில் சோவியத் வீரர்களைக் காற்றடிக்கும் பம்பால் அடித்து விலக்கிவிட்டு முந்தினார் என்பது அக்கதை. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று குருலக்கே மறுத்தார். மக்கள் கதையை விடவில்லை. மாஸ்கோவை எதிர்த்து வாய் திறக்க முடியாத ஒரு நாட்டில், அந்தப் பம்பு மக்களின் வாயாக இருந்திருக்கிறது. பின்னர் ரிஷார்ட் ஷுர்கோவ்ஸ்கி 1970, 1971, 1973, 1975 என நான்கு முறை வென்று, மாஸ்கோவை முந்தும் அந்த ஏக்கத்தை நிறைவாகத் தீர்த்துவைத்தார்.

1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்த நாடுகளின் படைகள் பிராகாவுக்குள் நுழைந்தன. அடுத்த மே மாதப் பந்தயத்தில் செக்கோஸ்லோவாக்கியா கலந்துகொள்ளவில்லை. வார்சாவிலிருந்து பெர்லினுக்கு மட்டும் வண்டிகள் ஓடின. அமைதியின் பெயரால் நடந்த பந்தயத்தின் வரைபடத்தில் பிராகா இல்லாத அந்த ஓராண்டு, எனக்கு இன்றும் வலிக்கிறது. 1986 அதைவிடக் கொடியது. ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. மே 6-இல் பந்தயம் கீவ் நகரில் திட்டமிட்டபடியே தொடங்கியது. மேற்கு நாட்டு அணிகள் பல விலகிக்கொள்ள, வந்தவர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்தபடி மிதித்தார்கள். அந்த இளைஞர்களை அங்கே அனுப்பிய முடிவை எந்த நோக்கத்தைச் சொல்லியும் என்னால் ஏற்க முடியாது. அவ்வாண்டு வென்ற ஓலாஃப் லூட்விக், 1988-இல் சியோல் ஒலிம்பிக் தங்கத்தையும், பெர்லின் சுவர் விழுந்த பிறகு 1990-இல் டூர் டி பிரான்ஸில் புள்ளிகளில் முந்துபவருக்கான பச்சைச் சட்டையையும் வென்றார். அமெச்சூர் என்ற பெயரால் கிழக்கில் அடைபட்டிருந்த வீரர்களின் தரம் என்ன என்பது அப்போதுதான் மேற்குக்குத் தெரிந்தது.

ஆட்சிகள் வீழ்ந்தபின், நடத்திய நாளிதழ்களின் கையிலும் பணமில்லை, சிறந்த வீரர்கள் மேற்கு அணிகளுக்குப் போய்விட்டார்கள். ஸ்டெஃபன் வெசெமான் ஐந்து முறை வென்று சாதனை படைத்த ஆண்டுகளும் இவையே. 2005-இல் பந்தயம் நடக்கவில்லை. 2006-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் தொடங்கி ஹானோவரில் முடிந்ததோடு அது நின்றுபோயிற்று. செக் நாட்டில் 1965-இல் தொடங்கிய இளையோர் பந்தயம் மட்டும் அதே பெயரில் தொடர்கிறது. 2013 முதல் 23 வயதுக்குட்பட்டோருக்கென ஒன்று யெசெனிக் மலைப்பகுதியில் நடத்தப்படுகிறது. அதை 2018-இல் வென்ற ஸ்லோவேனிய இளைஞர் டாடே போகாச்சர், இரண்டே ஆண்டுகளில் டூர் டி பிரான்ஸை வென்றார்.